காணி உறுதியும் கூரையில்லாத கோயிலும்: சங்கானைக்குப் போகிறவர்களுக்கு

ஊருக்கு வருகிறவர்களுக்கு நாள் எப்போதும் போதாது. நல்லூர், நயினாதீவு, கீரிமலை, சொந்தக்காரர் வீடுகள், குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், திரும்பும் வழியில் கொழும்பில் சாமான் வாங்க இரண்டு நாள். விடுமுறை முடிந்துவிடும். அந்த அவசரத்துக்குள்ளும் அரை நாளைச் சங்கானைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் காலத்திலும் நடந்த ஒரு சிறிய கிராமத்துத் தேவாலயம் அங்கே கூரையில்லாமல் நிற்கிறது. முருகைக்கல் சுவர்களும் வளைவுகளும் மிச்சம். நீங்கள் சைவமாக இருந்தாலும் சரி, வேதக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் முன்னோர் வலிகாமத்தவர் என்றால் இப்படியான ஒரு கட்டிடத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

வீட்டில் பழைய காணி உறுதி ஏதாவது இருந்தால் எடுத்து வாசித்துப் பாருங்கள். காணி விபரம் எழுதிய இடத்தில் முதலில் யாழ்ப்பாணம், அடுத்து வலிகாமம் மேற்கு என்பதுபோல ஒரு பிரிவு, அதற்கு அடுத்து "சங்கானைக் கோவிற்பற்று", "வட்டுக்கோட்டைக் கோவிற்பற்று", "மானிப்பாய்க் கோவிற்பற்று" என்று ஒன்று வரும். இறை என்ற சிறு பிரிவு, காணியின் பெயர், எத்தனை பரப்பு எத்தனை குழி, நாலு எல்லை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பற்றுக்குரிய கோவில் பிள்ளையார் கோவிலும் அல்ல, அம்மன் கோவிலும் அல்ல. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கையேற்று நடத்திய தேவாலயம். கட்டிடங்களில் பல பாழாகி ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் போய்விட்டன. பற்று மட்டும் உறுதியில் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் அந்தக் கடதாசியில் ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள்தான் உங்கள் வளவு கிடக்கிறது. ஆகவே வரும்போது அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டு வாருங்கள். பிறகு வேலைக்கு உதவும்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கதை

1619இல் பிலிப் தெ ஒலிவேரா சங்கிலி குமாரனைத் தோற்கடித்ததோடு யாழ்ப்பாண அரசு முடிந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த நாற்பது வருடத்துக்குள் குடாநாட்டை ஊர்வாரியாகப் பிரித்து, பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளும் இயேசு சபைத் துறவிகளும் பற்றுக்கு ஒரு தேவாலயம் என்று நிறுவினார்கள். தொடக்கத்தில் மண்ணும் ஓலையுமாக இருந்தவை பல, பிறகு கல்லால் கட்டப்பட்டன. சங்கானைக் கோயிலும் அந்த வரிசையில் வந்தது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள் சீர்திருத்தத் திருச்சபைக்காரர்கள். கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். சுரூபங்களை அகற்றினார்கள், சுவர்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். படையோடு வந்த போதகர் பிலிப்பஸ் பல்டேயஸ் 1665 வரை இங்கே இருந்தார். இந்தக் கிராமத்துக் கோயில்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த தன் நூலில் பற்றுப்பற்றாக விவரித்திருக்கிறார். வலிகாமத்துக் கோயில்கள் பலவற்றின் செப்புத்தகட்டுப் படங்களும் அதில் உண்டு. பழைய பதிப்புகளின் வருடிய பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறும் சுவரின் முன்னால் நிற்கும்போது இங்கே வாசல், அங்கே பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் தோட்டம் என்று உங்களால் ஊகிக்க முடியும். இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போய், பிள்ளைகள் "போவமா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தக் கட்டிடங்கள் செய்த வேலையைத்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒல்லாந்துப் போதகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்கள் ஒரு கோயிலுக்கு எப்போதாவது வருவார்கள். மற்ற நாளெல்லாம் கோயிலை நடத்தியவர் பள்ளிக்கூடத்து உபதேசியார், ஊர்த் தமிழர். பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்தவர் அவர். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் எல்லாவற்றையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தவரும் அவரே. தேவைப்பட்டபோது சாசனங்களும் எழுதிக் கொடுத்தார். இன்று பாடசாலை, கிராம சேவையாளர் அலுவலகம், விவாகப் பதிவுகாரர், நொத்தாரிசு என்று நாலு இடத்துக்கு அலைந்து முடிக்கும் காரியங்கள் அன்று அந்த ஒரு வளவுக்குள் நடந்தன. சங்கானையில் இன்று புல் முளைத்துக் கிடக்கும் நிலம் அந்த மாதிரியான இடம்.

அங்கே பெயர் பதிந்தவர்கள் எல்லோரும் மனசார மதம் மாறியவர்கள் அல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. சட்டப்படி விவாகம் பதியவும் பிள்ளைக்கு முதுசம் சிக்கலில்லாமல் போகவும் கோயில் தோம்பில் பெயர் இருப்பது நல்லது. ஆகவே வெளியே தொன் என்று தொடங்கும் ஒரு பெயர், வீட்டுக்குள் வேலுப்பிள்ளை. விரதச் சாப்பாடு சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உங்கள் ஆச்சியும் சொல்லியிருக்கக்கூடும். 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்க் கந்தனுக்கு மறுபடி கோயில் எழுப்பியவரின் பெயரைப் பாருங்கள்: தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். ஒல்லாந்தரின் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். அந்த ஒரு பெயருக்குள் அந்தக் காலம் முழுக்க இருக்கிறது. அப்படி வாழ்ந்தவர்களை இரண்டுங்கெட்டான்கள் என்று இன்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகளுக்குக் காணியும் காக்கவேண்டும், சாமியும் காக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். நாம் அவர்களின் பிள்ளைகள்.

கத்தோலிக்கர் பட்ட பாடு வேறு. சங்கானையிலிருந்து பக்கத்தில்தான் சில்லாலை. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் மறைந்து பணி செய்தபோது சில்லாலை மக்கள்தான் அவரைக் காத்தார்கள். சங்கானையில் ஒல்லாந்தர் பிரசங்கம் பகிரங்கமாக நடந்த காலத்தில், சில்லாலையில் இராப்பொழுதில் கதவைச் சாத்திக்கொண்டு பூசை நடந்தது. அவர் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டார். சங்கானைக்குப் போகிறவர்கள் சில்லாலைக்கும் போய்வந்தால்தான் கதை முழுமையாகும். இரண்டு ஊருக்கும் இடையே ஓட்டோவில் சொற்ப நேரம்தான்.

அப்புறம் கோயில் எப்படிப் பாழானது? குண்டு போட்டு அல்ல. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். தண்டப்பணம் போனது, உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் என்ற நிபந்தனையும் நிலைக்கவில்லை. சனம் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. சம்பளம் கொடுக்க ஆளில்லாத இடத்தில் உபதேசியார் எத்தனை நாள் இருப்பார்? 1806இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கனன் என்ற ஆங்கிலத் திருச்சபைப் போதகர், பல்டேயஸின் நூலில் படமாக இருக்கும் அழகான கோயில்களில் பெரும்பாலானவை இடிபாடாகிவிட்டன என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். பதினொரு வருடம்தான். அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரே புரட்டஸ்தாந்துப் போதகர் கிறிஸ்தியன் டேவிட் என்ற தமிழர் என்றும் புக்கனன் குறிப்பிடுகிறார். பனஞ்சலாகைக் கூரை ஒன்றுக்கு ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும். மாரியில் ஓடு விலகும், தண்ணீர் இறங்கும், கறையான் ஏறும். கூரை விழுந்த பிறகு மிச்சம் கிடப்பவற்றை ஊர் எடுத்துக்கொள்ளும். நல்ல சலாகையும் ஓடும் வெறுமனே கிடக்க எந்த ஊரும் விடாது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரையில்லாமல் கிடந்த பழைய கோயில்களும் அவற்றின் வளவுகளும் அரசாங்கத்தால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வட்டுக்கோட்டையில் அந்தப் பழைய சுவர்கள்மீது கூரை போட்டார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி அந்த வளவில்தான் வளர்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். இன்று அது யாழ்ப்பாணக் கல்லூரி வளவு, கோயில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனப் பேராலயம். சங்கானையையும் வட்டுக்கோட்டையையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒரே வகைக் கல், ஒரே வகைக் கட்டு. ஒன்றில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது, மற்றதில் ஆகாயம் தெரிகிறது.

போகும் வழி

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காரைநகர் வீதியில் ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டினால் சங்கானை. பஸ்ஸில் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். யாழ். மத்திய பஸ் நிலையத்தில் மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகும் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள். வழியில் மானிப்பாயில் 1848 அளவில் மருத்துவர் கிறீன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்த மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிறகு அவர் வைத்திய நூல்களைத் தமிழிலேயே ஆக்கி, தமிழிலேயே பாடம் நடத்தினார். மருத்துவம் படிக்கும் பிள்ளை உங்களோடு வந்தால் இறங்கிக் காட்டுங்கள்.

சங்கானைச் சந்தையடியில் இறங்கி, "பழைய வேதக் கோயில், ஒல்லாந்தர் காலத்துக் கோயில் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். கைபேசி வரைபடத்தைவிடச் சந்தையில் நிற்கும் பெரியவர்களை நம்பலாம். நீங்கள் யாருடைய பேரன், யாருடைய மகள் என்ற விசாரணையும் கூடவே நடக்கும், அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். மேல்கொண்டு பேசவேண்டிய ஆளை அவர்களே காட்டுவார்கள். கனபேர் புதிய தேவாலயத்தைக் காட்டிவிடுவார்கள். "கூரையில்லாதது, இடிஞ்சது" என்று சேர்த்துச் சொன்னால் பிழைக்காது.

காலை ஏழு, எட்டு மணிக்குப் போவது நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்லின் மேடுபள்ளம் தெரியும். தை, மாசி மாதங்கள் சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, தரை சேறாகும், ஈரச் சுவரின் அடியில் நிற்பதும் நல்லதல்ல. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களே அதிகம் என்பது தெரியும். அப்போது வந்தால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், கொளுத்தும். செருப்போடு போகாமல் மூடிய சப்பாத்து போடுங்கள். புல்லும் பற்றையும் உள்ள பழைய கட்டிடங்களுக்குள் புடையன் பாம்பு இருக்கும். சின்னப் பிள்ளைகளை முன்னால் ஓட விடாதீர்கள். தடியால் தட்டிக்கொண்டு பெரியவர் ஒருவர் முன்னே நடக்கட்டும்.

அங்கே போய் என்ன பார்ப்பது

முதலில் சுவரின் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கிட்டப்போய்ப் பாருங்கள். சாந்து உரிந்த இடமாக இருக்கட்டும். உள்ளே தெரிவது கருங்கல் அல்ல, செங்கல்லும் அல்ல, முருகைக்கல். கடலில் வளர்ந்த உயிர். கல்லில் நெளிநெளியான வரிகளும், நட்சத்திரம் போன்ற சிறு கண்களும் தெரியும். அவை பவளப் பூச்சிகள் இருந்த அறைகள். சில கல்லில் சிப்பித் துண்டு ஒட்டியிருக்கும். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல் இது. குடாநாட்டில் மலை இல்லை, ஆகையால் கோட்டையும் கோயிலும் கிணற்றுக்கட்டும் இதிலேதான் எழுந்தன. சுண்ணாம்பும் இதே முருகையைச் சுட்டு எடுத்ததுதான். கல்லும் சாந்தும் ஒரே பொருளாக இருப்பதால்தான் கூரையில்லாமலும் இத்தனை மாரி தாங்கியிருக்கிறது.

அடுத்தது வளைவு. சனம் இருந்த பெரிய பகுதிக்கும் பீடம் இருந்த பகுதிக்கும் நடுவே வருவது அது. போர்த்துக்கேயருக்கு அந்த இடம்தான் கோயிலின் உயிர். பூசை அதற்கு அப்பால் நடந்தது. ஒல்லாந்தருக்குப் பீடம் தேவையில்லை, பிரசங்க மேடைதான் நடுநாயகம். ஒரு மதத்துக்காகக் கட்டிய கட்டிடத்துக்குள் மற்றது குடியேறி நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது. வளைவின் கீழ்க் கற்கள் எப்படி ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுக்கல் ஒன்றை எடுத்தால் முழுவதும் விழும். அதனால்தான் கீழே நின்று பார்க்கச் சொல்கிறேனே தவிர, ஏறச் சொல்லவில்லை. எந்தச் சுவரிலும் சாயாதீர்கள், படமெடுக்க மேலே ஏறாதீர்கள்.

சுவர் உச்சியையும் பாருங்கள். கூரை மரம் எங்கே இருந்திருக்கும் என்று ஊகியுங்கள். யன்னல்களின் ஓரம் உட்பக்கம் அகன்று போகும் விதம், சுவரின் தடிப்பு, தரை மட்டம் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பது எல்லாம் படமெடுக்க வேண்டியவை. முழுக் கட்டிடத்தை நாலு பக்கத்திலிருந்தும் எடுங்கள், ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும், அளவு தெரியும். உங்கள் படம் இன்னும் இருபது வருடத்தில் சான்றாக நிற்கும். விழுந்த பிறகு எது எங்கே இருந்தது என்று கேட்க வேறு வழி இருக்காது. ட்ரோன் வேண்டாம். இலங்கையில் அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், வடக்கில் வீண் பிரச்சினையாகும்.

தயவுசெய்து செய்யாதீர்கள்

ஒரு கல்லைக்கூட எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "எங்கட ஊர்க் கல்" என்று கனடாவில் அலுமாரிக்குள் வைக்க ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய கட்டிடத்தின் பகுதியை அகற்றுவதும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வருகிறவர் எல்லோரும் ஒரு கல் எடுத்தால் சுவருக்கு என்ன மிஞ்சும்?

சுவரில் வளர்ந்திருக்கும் ஆலையும் அரசையும் நல்லெண்ணத்தில் பிடுங்கவும் வேண்டாம். வேர் கல்லுக்குள் புகுந்து, இப்போது அதுவே கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். அது தெரிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை.

இன்னொன்றை ஊர்ச் சங்கங்களில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். புலம்பெயர்ந்த ஊர் ஒன்றியங்கள் பணம் சேர்த்துப் பாடசாலை கட்டின, குளம் தூர்வாரின, எத்தனையோ நல்ல காரியங்கள் செய்தன. அதே வேகத்தில் "பழைய கோயிலைத் திருத்துவோம்" என்று சீமெந்து மூட்டைகளோடு இறங்கிவிடாதீர்கள். முருகைக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வெளிவிடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழி விடும், சீமெந்து விடாது. ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, வெளியே வழுவழுப்பாக இருக்கும்போதே கல் உள்ளுக்குள் மாவாகிவிடும். முந்நூறு வருடம் நின்றதை இருபது வருடத்தில் கொல்ல ஒரு பூச்சு போதும். உதவ விரும்பினால் தொல்பொருள் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு எழுதுங்கள், சங்கானையிலேயே இருக்கும் வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பற்றை வெட்டவும் வேலியைச் சரிப்படுத்தவும் ஒரு விளக்கப் பலகை வைக்கவும் சனசமூக நிலையத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அனுமதி கேளுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

கட்டிடத்தைப் பார்த்து முடித்ததும் உடனே பஸ் ஏறாமல், அயலில் வயதானவர் யாராவது இருந்தால் பேசுங்கள். "ஆச்சி, உங்கட சின்ன வயசில இந்த வளவுக்குள்ள என்ன நடந்தது? விளையாடுவியளோ, மாடு கட்டுவினமோ? இரவில போகப் பயப்படுவியளோ? கூரையைப் பற்றி ஆரும் சொன்னவையோ?" இப்படியான சின்னக் கேள்விகளுக்குத்தான் நல்ல பதில் வரும். "வரலாறு சொல்லுங்கோ" என்று கேட்டால் பாடப்புத்தகம்தான் வரும். அனுமதி கேட்டுவிட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இடத்தையும் திகதியையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் சேமிக்கும் நூலகம் இணையத்தளத்துக்கு அப்படியான பதிவுகளையும் பழைய குடும்பப் படங்களையும் கொடுக்கலாம்.

பிறகு வட்டுக்கோட்டை. சங்கானையிலிருந்து சித்தங்கேணிச் சந்திக்கு வந்து திரும்பினால் கிட்டத்தான். பேராலயம் கல்லூரி வளவோடு சேர்ந்தது, ஆகவே வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். ஆராதனை நேரத்தில் படமெடுக்க வேண்டாம், பின்வாங்கில் இருந்து கேளுங்கள். நேரம் மிஞ்சினால் பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயத்தின் இடிபாட்டையும் பாருங்கள். 1706இல் கட்டியது, பெரியது, அழகாக இருந்தது. அண்மைய உள்நாட்டுப் போர் அதைத் தரைமட்டமாக்கியது. கிராமத்துக் கோயில் கவனிப்பில்லாமல் போனது, கோட்டைக் கோயில் குண்டால் போனது.

வேறு பற்றுகளின் பழைய கோயில்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சிலைப்பள்ளிப் பக்கம், குறிப்பாக முகமாலையைச் சுற்றி, கண்ணிவெடி அதிகமாகப் புதைக்கப்பட்ட நிலம். மண்டையோட்டுப் பலகை இருக்கும் இடத்தில் வீதியை விட்டு ஒரு அடிகூட இறங்காதீர்கள். மயிலிட்டிப் பக்கம் 1990இலிருந்து சனம் போகமுடியாமல் கிடந்தது. 2017இல் துறைமுகப் பகுதி விடப்பட்டது. அங்கே போவதானால் அன்றைய நிலையை ஊரவரிடம் கேட்டுவிட்டே போங்கள்.

திரும்பிய பிறகு

இப்போது அந்த உறுதியை மறுபடி எடுங்கள். ஒல்லாந்தர் காலத் தோம்புகளில் எஞ்சியவை கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. இலங்கையில் உள்ள ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி ஆவணங்களும் சேர்ந்து 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. காணித் தோம்பில் காணியின் பெயர், அளவு, உரிமையாளர், வரி என்று இருக்கும், பனையும் தென்னையும் கணக்கெடுத்திருப்பார்கள். பள்ளித் தோம்பில் குடும்பம், பிள்ளைகள், ஞானஸ்நானம், விவாகம். வாசகர் அனுமதிக்குக் கடவுச்சீட்டோடு நேரில் போகவேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம். கொழும்பில் வைத்திருக்கும் அந்த இரண்டு நாளில் ஒரு காலைப்பொழுதை இதற்கு எடுங்கள். ஒல்லாந்து நாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் இலேசு. கம்பனியின் ஆவணங்கள் டென் ஹாகில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதியை வருடி இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். பழைய ஒல்லாந்துக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கிடைத்தால் மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கும் உதவுங்கள்.

தேடும்போது ஆளின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, ஒல்லாந்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது இன்னொன்று. மூன்றும் பொருந்தாது. கோவிற்பற்றைப் பிடியுங்கள், அதற்குள் ஊரை, அதற்குள் காணியின் பெயரை. ஆட்கள் மாறினாலும் காணிப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக உறுதியிலிருந்து உறுதிக்கு இறங்கி வந்திருக்கின்றன. உங்கள் கைபேசியில் படமாக இருக்கும் அந்தக் காணிப் பெயர் தோம்பில் அகப்பட்டால், அதற்கு நேரே எழுதியிருக்கும் பெயர் சங்கானைக் கோயிலில் பதியப்பட்ட ஒருவருடையதாக இருக்கக்கூடும். அதைப் படியெடுத்து, உறுதியின் பிரதியோடு சேர்த்து வைத்து, வீட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.